தோட்டத்தை நேசிக்கலாமா?

சுங்கை பட்டாணியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபம். ஐம்பது வயதைத் தாண்டிய நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் பேச்சு தோட்டத்துக்குப் போய்விடும். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், திருவிழாவில் யார் அலகு குத்தினார்கள், திடலில் வெள்ளைத்துணி கட்டி என்ன படம் காட்டினார்கள் என்று நீளும். கடைசியில் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "என்னதான் சொல்லு, தோட்டத்துல இருந்தப்ப நல்லா இருந்துச்சு." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதே மேசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையன் நிமிர்ந்து, "எதுப்பா நல்லா இருந்துச்சு? காலையில நாலு மணிக்கு எழுந்திரிச்சோம், மழை பெஞ்சா வெட்டு இல்ல, சம்பளமும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டால் பதில் வராது. வந்தால், "உனக்குச் சொன்னா புரியாதுய்யா" என்று வரும்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் கூலி குறைவு. வீடு சொந்தமில்லை, வேலை போனால் கூரையும் போகும். அதே தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயமே திரண்டு வந்து நிற்கும். முதலாவதை நினைத்தால் அந்த வாழ்க்கையை நேசிப்பது அறியாமைபோலத் தெரிகிறது. இரண்டாவதை நினைத்தால் நேசிக்காமல் இருப்பது நன்றிகெட்டதனம்போலத் தெரிகிறது. நம்மைச் சுரண்டிய ஓர் இடத்தை நேசிக்கலாமா? நேசித்தால், அந்த நேசத்துக்கு என்ன பொறுப்பு இருக்கிறது? மலேசியத் தமிழ் எழுத்தில் தோட்டம் வராத பக்கங்கள் குறைவு. ஆனாலும் இந்தக் கேள்வியை எனக்குத் தெளிவாக்கிக் கொடுத்தது நம் மண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் அமெரிக்க ராக் இசைத்தொகுப்பு.

*

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1970களில் வளர்ந்த ராக் வகையைச் சதர்ன் ராக் என்பார்கள். புளூஸ், கன்ட்ரி, ராக் மூன்றும் கலந்த சத்தமான இசை. அதன் பெரிய பெயர் லினர்ட் ஸ்கினர்ட். மூன்று கித்தார் கலைஞர்களை வைத்துக்கொண்டு அரங்கை அதிரவைத்த குழு. 1977-இல் விமான விபத்தில் அதன் பாடகர் ரானி வான் சான்ட் உட்படச் சிலர் இறந்துபோனார்கள். அவர்களுடைய மேடையில் ஒரு பெரிய கொடி தொங்கும். அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக 1861-இல் பிரிந்துபோய்ப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி அது. அரங்கத்தில் கூடியிருந்த வெள்ளைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அது 'எங்க ஊரு' என்று அர்த்தம். அதே ஊரில் வாழ்ந்த கறுப்பினத்தவருக்கு அதன் அர்த்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இந்த இசையைக் கேட்டு அலபாமா மாநிலத்தில் வளர்ந்த இரண்டு பேர், பேட்டர்சன் ஹுட், மைக் கூலி. இவர்கள் தொடங்கிய குழு டிரைவ்-பை டிரக்கர்ஸ். 2001-இல் இவர்கள் வெளியிட்ட இரட்டைத் தொகுப்பு 'சதர்ன் ராக் ஓபரா'. ஸ்கினர்ட் குழுவின் நிழலாக ஒரு கற்பனைக் குழுவை உண்டாக்கி, அதன் எழுச்சியையும் விமான விபத்தில் அது முடிவதையும் பாட்டாகச் சொல்கிறது. கதை இதுதான் என்றாலும் தொகுப்பின் உள்ளே ஓடுவது வேறு ஒன்று. தெற்கைச் சேர்ந்தவனாக இருப்பது என்றால் என்ன? பெருமைப்படவும் வெட்கப்படவும் ஒரே இடம் காரணமாக இருந்தால் மனுஷன் எப்படி நிமிர்ந்து நிற்பது?

அலபாமாவின் ஆளுநராக 1963-இல் பதவியேற்று, இனப்பிரிவினை என்றைக்கும் இருக்கும் என்று முழங்கிய ஜார்ஜ் வாலஸ் இந்தத் தொகுப்பில் வருகிறார். அவருக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் பாடுவது சாத்தான். நரகத்தில் வாலசுக்காக இடம் தயார் செய்துகொண்டே பாடுகிறான். இதே அலபாமாவில்தான் பேட்டர்சன் ஹுட்டின் அப்பா டேவிட் ஹுட், மசில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் கித்தார் வாசித்தார். ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் போன்ற கறுப்பினப் பாடகர்களின் புகழ்பெற்ற பாட்டுகளில் கேட்பது அவருடைய வாசிப்பு. ஒரே மாநிலம், ஏறக்குறைய ஒரே காலம். ஒரு வெள்ளைக்காரர் வாசலில் நின்று மறிக்கிறார், இன்னொரு வெள்ளைக்காரர் கறுப்பினத்தவரோடு உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்கிறார். மகன் இரண்டையும் சேர்த்தேதான் 'என் ஊர்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஹுட் இந்த நிலையை இருமை என்கிறார். இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் நிம்மதி கிடைக்கும், ஆனால் அது பொய்யாகிவிடும் என்பதுதான் தொகுப்பின் வாதம்.

2004-இல் இவர்கள் வெளியிட்ட 'த டர்ட்டி சவுத்' நேராகத் தொழிலாளர் வாழ்க்கைக்குள் போகிறது. அதில் ஒரு பாட்டில் பேசுபவன் வட அலபாமாவில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை மூடப்பட்டதால் நடுத்தெருவுக்கு வந்தவன். போதைப்பொருள் விற்கிறான். மனைவிக்குப் புற்றுநோய். கையில் மருத்துவக் காப்பீடு இல்லை. பக்கத்து ஊரான ஹன்ட்ஸ்வில்லில் மனிதர்களை நிலவுக்கு அனுப்பும் ராக்கெட் செய்துகொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பேரங்காடியில் வேலைக்குப் போய்ச் சேர்கிறான். பாட்டு அவனை நியாயப்படுத்தவில்லை, அவனைப் பார்த்து அழவும் இல்லை. அவன் என்ன கணக்குப் போட்டான், அந்தக் கணக்கு ஏன் அப்படி முடிந்தது என்று மட்டும் காட்டுகிறது.

இந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்கு கூலிம் ஞாபகத்துக்கு வந்தது. 1996-இல் அங்கே ஹைடெக் பார்க் திறந்தார்கள். உலகத்துக்கே சில்லு செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. அதற்குச் சில மைல் தள்ளி தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை, அதே தொழிற்பேட்டையின் வாசலில் காவலாளி உடையில் நிற்கிறான். இல்லாவிட்டால் ஏதோ ஒரு 'கேங்'கில் சேர்ந்து ஊருக்குள் எண்களால் அறியப்படுகிறான். நிலவுக்குப் போகும் ராக்கெட் நமக்கும் பக்கத்து ஊரில்தான் இருந்தது.

*

சரி, நம்மிடம் அப்படி ஒரு தொகுப்பு இருக்கிறதா?

பால்வெட்டு தனியாள் வேலை. நடவு வயலைப்போலப் பத்துப் பேர் வரிசையாக நின்று குலவையிட்டுக்கொண்டு செய்யும் வேலை இல்லை. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த பிறகு ஆளுக்கு ஒரு வெட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், 400, 500 மரங்களுக்கு நடுவே ஒற்றையாக ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் பாடுவதற்கெல்லாம் மூச்சு இருக்காது. எனவே தோட்டத்துப் பாட்டுகள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கோயில் கும்மியிலும் புல்வெட்டு கூட்டத்திலும்தான் அதிகம் ஒலித்தன. கங்காணியின் ஏமாற்று, துரையின் பூட்ஸ் சத்தம், கப்பலேறிய ஊரின் நினைவு எல்லாம் அவற்றில் இருந்தன. பாடிய பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலானவை அவர்களோடு போய்விட்டன.

மற்றபடி நாம் கடன் வாங்கிய பாட்டில்தான் வாழ்ந்தோம். திடலில் எம்ஜிஆர் படம் ஓடும்போது உழைப்பாளியைப் பற்றிய பாட்டு வந்தால் லயத்து ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 29 வயதில் செத்துப்போன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு ரப்பர் மரம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் தஞ்சாவூர் வயலுக்கு எழுதியது பீடோங் தீம்பாருக்கும் பொருந்தியது. கடன் வாங்கிய பாட்டில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதில் கெட்டவன் எப்போதும் பண்ணையார். நம் பக்கத்துக் கணக்கைப் பார்க்க வேண்டிய தேவையே வராது.

இசையில் சதர்ன் ராக்குக்கு நிகராக நம்மிடம் உள்ளது என்று நான் நினைப்பது உறுமி மேளம். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற முனகல் இருக்கிறதே, அது கெடாவில் முனியாண்டி கோயில் இருந்த எந்தத் தோட்டத்துக்காரருக்கும் வயிற்றில் கேட்கும். இன்றைக்கு அதை வாசிப்பவர்கள் பட்டணத்து தாமான்களில் வளர்ந்த பையன்கள். குழுப் பெயர் அச்சடித்த டி-சட்டை போட்டுக்கொள்கிறார்கள், குறுந்தட்டு வெளியிடுகிறார்கள், தைப்பூசத்துக்கு இரவு முழுக்கக் கை கிழிய அடிக்கிறார்கள். கொஞ்சம் படித்து மேலே வந்த நம்மவர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. "ரௌடிப் பசங்க சத்தம்" என்று முகத்தைச் சுளிப்பார்கள். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் மேளம் அடிப்பதற்கு 1973-இல் கட்டுப்பாடு வந்து, 2016-இல்தான் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஏழை வெள்ளையரின் இசையையும் நகரத்துக்காரர்கள் இப்படித்தான் பார்த்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோட்டத்து நினைவுகளை உருகி உருகிப் பேசுகிறவர்கள்தான் தோட்டத்தின் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, ரப்பர் போய் செம்பனையோ வீட்டு மனையோ வந்த பிறகும் பல இடங்களில் மிஞ்சியது கோயில் மட்டும்தான். உறுமி அந்தக் கோயிலின் குரல். ஆனாலும் அது பாடுவது காவல்தெய்வத்தின் வீரத்தை. காவல் இருந்தும் என்ன நடந்தது என்ற கதையை அது பாடுவதில்லை. அந்தப் பாதியை நம்மிடையே எழுத்தும் சினிமாவும்தான் செய்யத் துணிந்தன. சுங்கை பட்டாணிக்காரரான சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', 1981-இல் லூனாசில் நடந்த விஷச் சாராயச் சாவுகளைப் பின்னணியாகக் கொண்ட ம. நவீனின் 'பேய்ச்சி', தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்துப் பையன் எப்படி ரௌடிகளைப் பார்த்து வளர்கிறான் என்று சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) ஆகியவை உதாரணங்கள். இவற்றைப் படித்தோ பார்த்தோ சிலர் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இவை துரையோடு நிறுத்திக்கொள்ளாமல் லயத்துக்குள்ளும் நுழைகின்றன.

*

இங்கே அலபாமாவுக்கும் கெடாவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். தெற்கின் வெள்ளைத் தொழிலாளி ஏழைதான். ஆனால் அவனுக்குக் கீழே ஒருவன் இருக்கும்படி சட்டமே பார்த்துக்கொண்டது. அவனுடைய வெட்கத்துக்கு அது ஒரு காரணம். தோட்டத்துத் தமிழன் கப்பலிலிருந்து இறங்கியபோதே அடிமட்டத்தில் இறங்கியவன். அவன் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கங்காணி இருந்தான். நம் ஆள்தான், நம் ஊர் வரை வந்து நம் பாஷையில் பேசி ஆள் பிடித்தவன். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும் வரை தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டவன். சாதி இருந்தது. ஆரம்ப காலத் தோட்டங்களில் லயம்கூடச் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டது. கடல் தாண்டினால் சாதி கழியும் என்பார்கள், அது கூடவே கப்பலேறி வந்து தனி லயம் பிடித்துக்கொண்டது. கள்ளுக்கடை இருந்தது. அதை நடத்த அனுமதித்தது நிர்வாகம், ஆனால் வீட்டுக்கு வந்து அடித்தது நம் வீட்டு ஆண்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் இருந்தார்கள். இருட்டில் எழுந்து ஆக்கி வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஆணுக்குச் சமமாக மரம் வெட்டி, காண்டாவில் பால் வாளி சுமந்து, மதியம் வந்து மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தவர்கள். 1930களில் இதற்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்று அரசாங்கமே நிர்ணயித்திருந்தது. "தோட்டத்துல நல்லா இருந்துச்சு" என்று சொல்பவர் ஆணா பெண்ணா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பெண்களும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்வார்கள், தோட்டத்தைப் பற்றிச் சொல்லமாட்டார்கள்.

அமர்த்திய சென் இதைப்பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை தருகிறார். நீண்டகாலம் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஆசையையே சுருக்கிக்கொள்வார்கள், கிடைத்ததில் திருப்தி அடையப் பழகுவார்கள். எனவே ஒருவர் திருப்தியாக இருக்கிறார் என்பதை வைத்து அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. இது சரியான எச்சரிக்கை. இருந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொண்டு நம் பெரியவர்களை அணுகினால் அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வதில் போய் முடியும். "உங்க சந்தோஷம் பொய் பாட்டி" என்று ஒரு பேரன் சொல்வதில் அறிவு இருக்கலாம், மரியாதை இல்லை.

என் யோசனை இது. "நல்லா இருந்துச்சு" என்பது ஒரு சாட்சி வாக்குமூலம். அது எதைப் பற்றிய சாட்சி என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூலியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தோட்ட அமைப்பு நல்லது என்றும் சொல்லவில்லை. அந்த அமைப்புக்குள் அடைபட்டிருந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி சொல்கிறது. கடனாக அரிசி கொடுத்தது, பிரசவத்துக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது, சீட்டு பிடித்துக் கல்யாணம் நடத்தியது, இவை எதுவும் நிர்வாகம் கொடுத்தவை இல்லை. நிர்வாகம் கொடுக்காததை நிரப்பிக்கொள்ள நம்மவர்கள் உண்டாக்கியவை. அவற்றை நேசிக்கும்போது தோட்டத்துக்கு நன்றி சொல்லிவிடக் கூடாது. நாம் வழுக்கும் இடம் அதுதான். அந்த நல்லதை அந்த மனிதர்களின் கணக்கில் எழுதாமல் இடத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். துரை கணக்கு எழுதிய மாதிரியே.

*

தோட்டத்தை நேசிக்க வெட்கப்படுகிறவர்கள் இன்னொரு வழியில் போகிறார்கள். கெடாவில் அந்த வழி ரொம்ப அருகில் இருக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு. ஜெராய் மலை அடிவாரத்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கோயில்களின் அடித்தளங்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வென்ற கடாரம் இதுதான். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் தொடங்கி டி-சட்டையில் பாயும் புலி வரை, நாம் யார் என்று கேட்டால் இளைஞர்களுக்குக் கிடைக்கும் முதல் பதில் கடாரம் கொண்டான்.

எனக்கு வரலாற்றில் சண்டை இல்லை. அந்த அடித்தளங்களைப் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். நான் கேட்பது வேறு. பூஜாங் பள்ளத்தாக்கிலிருந்து சில மைல் தூரத்தில் நம் தாத்தாவின் லயம் இருந்தது. நாம் யாருடைய ரத்தம்? கப்பற்படையோடு வந்துபோன ராஜாவின் ரத்தமா, நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, கழுத்தில் கடனோடு வந்தவரின் ரத்தமா? 'கூலி' என்ற சொல்லை மறைக்க 'சோழன்' என்ற சொல்லைத் தேடிப் போகிறோம். அது நம் பாட்டியைப் பார்த்து நாம் படும் வெட்கம்.

அதைவிடப் பெரிய சிக்கலும் இருக்கிறது. ஒரு படை கடல் தாண்டி வந்து இந்த ஊரை அடித்துக் கொள்ளையிட்டது என்பதுதான் அந்த வெற்றியின் உள்ளடக்கம். அடிபட்டவர்களும் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள்தான். அதில் பெருமைப்படுகிறவன், கடல் தாண்டி வந்து காட்டை வளைத்துத் தோட்டம் போட்ட துரையை எந்த வாயால் திட்டுவான்? வென்றவனின் பெருமைதான் பெருமை என்று ஒத்துக்கொண்டால், நம் தாத்தா தோற்றவர் என்பதோடு கதை முடிந்துவிடும். ஸ்கினர்டின் மேடையில் தொங்கிய கொடிக்கும் இதற்கும் உள்ள உறவை நான் விளக்கத் தேவையில்லை. ஏழைப் பையனுக்கு நிமிர்ந்து நிற்க ஒரு கொடி வேண்டியிருக்கிறது. கையில் கிடைப்பது பெரும்பாலும் தப்பான கொடியாக இருக்கிறது.

*

சரியான கொடி இருந்ததா? இருந்தது. அதுவும் கெடாவில்தான்.

பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டம். ஜப்பான் காலம் முடிந்திருந்தது. சயாம் ரயில்பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் போக மிச்சமிருந்தவர்கள் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். நேதாஜியின் படையில் சேர்ந்து அணிவகுத்து நடக்கப் பழகியிருந்த இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். போருக்கு முன்னால் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அதை எதிர்த்ததும் 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அதே பட்டியலில்தான் வரும். 1946, 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை உருவானது. சீருடை போட்டுக்கொண்டார்கள், அணிவகுத்தார்கள், தோட்டம் தோட்டமாகப் பரவினார்கள். அவர்கள் முதலில் கைவைத்தது துரையின் பங்களாவில் இல்லை, கள்ளுக்கடையில். 1947-இல் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. போலீஸ் வந்தது. அடிதடி, கைது, சிறை, உயிரிழப்பு என்று அது முடிந்தது.

தொண்டர் படையில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குடித்தவர்களை அவர்கள் தண்டித்த விதத்தில் முரட்டுத்தனமும் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. துரையிடம் கூலி கேட்பதும் தன் வீட்டுக் குடியை நிறுத்துவதும் அவர்களுக்கு ஒரே போராட்டமாக இருந்தது. வெளியே இருந்த கொடுமையைச் சொல்லி உள்ளே இருந்ததை மறைக்கவில்லை. உள்ளே இருந்ததைச் சொல்லி வெளியே இருந்ததை மன்னிக்கவும் இல்லை. அலபாமா பாடகர் இருமை என்று சொன்னதை இவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே, பாட்டு இல்லாமல், மறியலாகச் செய்துவிட்டார்கள். இன்றைக்கு பீடோங்கில் ஹார்வர்ட் என்ற பெயரில் ஒரு கோல்ஃப் மன்றம் இருக்கிறது. தொண்டர் படைக்கு அங்கே ஒரு நினைவுக்கல் வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இன்னோர் உதாரணமும் கெடாவுக்குச் சொந்தம். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சில குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தன. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பிற்காலத்தில் சங்கம் எப்படிப் போனது என்பது தனி விவாதம். ஆனால் அந்தப் பத்து வெள்ளியை யோசித்துப் பாருங்கள். மழை பெய்தால் சம்பளம் இல்லாத வீட்டிலிருந்து போன பத்து வெள்ளி. தான் உழைத்த மண்ணை நேசிப்பதற்கு அதைவிட நேரான வெளிப்பாடு எனக்குத் தெரியவில்லை. "இந்த இடத்தை எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால இது எனக்கு வேணும்" என்று சொன்ன நேசம் அது. கல்யாண மண்டபத்தில் வரும் பெருமூச்சில் இந்த 'வேணும்' இல்லை.

ஆக, தோட்டத்தை நேசிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், நேசிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த நேசம் கணக்குப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள், நம் வீட்டுக்குள் யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று எழுதிப் பார்த்த பிறகும் மிஞ்சும் நேசம்தான் நேசம். கணக்குப் பார்த்தால் போய்விடும் என்று பயப்படுகிற நேசம் வெறும் ஏக்கம். ஏக்கம் தப்பில்லை, வயசானவர்களுக்கு அது வேண்டும். அதை அப்படியே வாங்கி நம் தலைமுறையின் இலக்கியமாக வைத்துக்கொள்வதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

*

இந்த நிபந்தனையைச் சோதித்துப் பார்க்கப் பழைய காலத்துக்குப் போக வேண்டியதில்லை. இன்றைக்கே பார்க்கலாம்.

கெடாவில் தோட்டங்கள் முழுதாக அழிந்துவிடவில்லை. நாம்தான் வெளியே வந்துவிட்டோம். செம்பனைக் குலை இன்றும் வெட்டப்படுகிறது, லாரி இன்றும் ஏற்றப்படுகிறது. செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேபாளிகள். ஏஜண்டிடம் கடன் வாங்கிக் கப்பலுக்குப் பதில் விமானம் ஏறியவர்கள். பலருடைய கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் நிறுத்தியது. கடன், கடப்பிதழ், வேலையோடு ஒட்டிய குடிசை, நோய் வந்தால் நின்றுபோகும் கூலி. இந்தப் பட்டியலில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இது நம் வீட்டுக் கதை, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

நாம் இவர்களை எப்படிப் பார்க்கிறோம்? "பங்ளா பசங்க வந்துதான் நம்ம வேலை போச்சு" என்று சொல்கிறோம். அந்த வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறோம். நம்மில் சிலர் அவர்களுக்கு மண்டோராக இருக்கிறோம், சிலர் ஆள் பிடித்துத் தரும் குத்தகைக்காரர்களாக இருக்கிறோம். அந்த வேலைக்கு நம் பாட்டன் காலத்தில் ஒரு பெயர் இருந்தது, கங்காணி. கோபத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மலிவான ஆள் கிடைக்கும்வரை கூலியை உயர்த்த முதலாளிக்கு அவசியம் இல்லை, நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வரவே 2013 ஆனது. ஆனால் அந்தக் கணக்கில் எடுத்தவன் யார் என்று பார்க்காமல் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கூலியைக் காட்டுவது, நாம் இறங்கியபோது நம்மைப் பார்த்து இந்த ஊரில் சிலர் செய்த அதே காரியம்.

'த டர்ட்டி சவுத்'தை நான் மறுபடி மறுபடி கேட்பதற்குக் காரணம் அதன் கித்தார் மட்டுமில்லை. தன் ஊர்க்காரனின் வலியைப் பாடுகிறவன், அந்த வலி தன் ஊர்க்காரனுக்கு மட்டுமே உரியது என்று எங்கேயும் சொல்லவில்லை. தோட்டத்தைப் பற்றி நாளைக்கு எழுதப்போகிறவர்களிடமும் பாடப்போகிறவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். உறுமியை எடுத்துக்கொள்ளுங்கள், ராப் பாடுங்கள், நாவல் எழுதுங்கள். பாட்டியை எழுதும்போது கங்காணியையும் எழுதுங்கள். லயத்தை எழுதும்போது இப்போது அதில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சாயங்காலம் போனால் படிக்கட்டில் ஒருவன் உட்கார்ந்து கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டின் மொழி நமக்குப் புரியாது. நம் பாட்டி பாடியதும் துரைக்குப் புரிந்ததில்லை.